பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்

...பதினாறு கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, பேராசிரியர் எழுதிக்கொள்வார், நாட்டின் ஓட்ட வரலாறு என்று வரப்போகும் அந்தத் தடித்த புத்தகத்தில் ஜெலகத் என்ற அவள் பெயரும் ஏறிவிடும், பிறகு ஏன் இந்த நாக்கு இப்படி ஒட்டிக்கொள்கிறது? பேராசிரியரோ குனிந்து அவள் கெண்டைக்காலில் அளவுநாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார், தையற்காரன்கூட இவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை, காலுக்குச் சட்டையா தைக்கப் போகிறார்... இந்த வாரம் இந்த மலையூர் இடெனில் முப்பது ஓட்டக்காரர்களின் கால்களை அளந்தாயிற்றாம், ஓட்டத்தின் ரகசியம் எங்கேயோ ஒளிந்திருக்கிறதாம், எலும்பிலா, மலைக்காற்றிலா, சோளக்களியிலா, அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். பக்கத்து நாற்காலியில் ஓட்டச் சங்கத் தலைவர் செசிரே கழுத்துப்பட்டைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தார், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஜப்பானில் மராத்தான் ஜெயித்து அவள் வந்திறங்கியபோது ஊர் வழக்கப்படி வரவேற்க அவளுக்கென்று கொண்டுவந்த சுரைக்குடுவைப் புளித்த பாலைப் படக்காரர்கள் முன்னால் முதலில் தாமே குடித்தவர். காலையிலேயே வழிமறித்துப் பாடம் நடத்திவிட்டார். "இந்தா ஜெலகத், எல்லாரும் ஓடித்தான் பள்ளிக்கூடம் போனோம்னு சொல்லியாச்சு. நீ எதையாவது உளறி வைக்காதே. நேத்து ஒருத்தன் ரெண்டு கிலோமீட்டர்னு சொன்னான், பேரையே அடிச்சுட்டாங்க." "நீ எவ்வளவு சொன்னே?" "இருபது." "உங்கப்பா டிராக்டர்ல உக்காந்துதானே வந்தே?" "டிராக்டர் பின்னால ஓடினேன்னு வச்சுக்கோயேன்!" போன வருஷம் அவர் சொன்ன தூரம் பன்னிரண்டுதான், அதே வீடு, அதே பள்ளிக்கூடம், அது எப்படி வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே போகிறது?

"பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், அம்மா?" என்றார் பேராசிரியர். "எங்க வேலியத் தாண்டினா பள்ளிக்கூடம்" என்றது வாய். செசிரேவுக்கு இருமல் வந்தது, பேனா நின்றது. "அப்போ எதுக்காக ஓடினீங்க?" அட, இத்தனை பதக்கம் வாங்கியும் ஒருவரும் கேட்காத கேள்வி, தானும் கேட்டுக்கொள்ளாத கேள்வி... எதற்காக? கெரியோ பள்ளத்தாக்கின் அடியிலிருந்து செங்குத்து மலையேறி ஒருத்தி படிக்க வருவாள், கொபிலோ, தினமும் மலை விளிம்புக்குப் போய் அவளுக்காகக் காத்து நிற்பாள் ஜெலகத், மூச்சு வாங்கக்கூட விடாமல் அங்கிருந்து பள்ளி வாசல்வரை போட்டி, மலையேறி வந்தவளை ஒருநாளாவது முந்தியிருக்கிறாளா, இல்லை, பதினாறு வயதில் பெண்ணுக்கு விலையாக மாடு வாங்கிக்கொண்டு கொபிலோவைக் கட்டிக்கொடுத்தார்கள், அத்தோடு சரி, அவள் கால்களை யார் அளந்தார்கள்?

"கொபிலோன்னு ஒருத்தி. அவ பேரை எழுதுங்க." "அவங்க யாரை ஜெயிச்சாங்க?" "என்னை. தினமும்." "அடியே, உன் பேரு போச்சு!" என்று பல்லைக் கடித்தார் செசிரே, பேராசிரியர் பேனாவை மூடி, மரியாதைக்கு ஒன்று கேட்டுவைத்தார், "பார்க்க எப்படி இருப்பாங்க?" சொல்ல வாயைத் திறந்தாள் ஜெலகத்... முகம் வரவில்லை, என்ன முயன்றும் வரவில்லை, செம்புழுதி படிந்த இரண்டு குதிகால்கள்தான் வந்தன, ஏறி இறங்கி, ஏறி இறங்கி... ஜப்பானில் கடைசி ஐந்து கிலோமீட்டரும் தனக்கு முன்னால் ஒருவருமே இல்லை என்றுதானே எல்லாரும் எழுதினார்கள், அப்படியானால் அன்று அவள் எதைத் துரத்திக்கொண்டிருந்தாள்?