மாடிக்கு விலை ஒரு ராத்திரி

என் மாமனாரின் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது 'ஒரே விலை' என்ற பலகைதான். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, ஒரே போர்வைக்கு ஆளைப் பார்த்து நாலு விலை சொல்வார். வாங்க வந்தவர் யாராவது பலகையைக் காட்டினால், அது பலகையோட விலை, இது போர்வையோட விலை என்பார். தெருவில் அவருக்கு ஒரே விலைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

மெத்தை, தலையணை, போர்வை, திரைச்சீலை என்று கீழ்க்கடை வழிந்துகொண்டிருந்தது. மாடி மட்டும் காலி. அந்த மாடியைத்தான் என் மனைவி கேட்டாள். கூடாரம், தூங்கும் பை, மலையேறுகிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள் என்று தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். கல்லாப்பெட்டிக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள் அவள். அந்தக் கடையில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் அலமாரிகூட இல்லை என்ற குறை அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு.

மாமனாரோ மாடியைத் திரைச்சீலை தைக்கிற தையல்காரருக்கு விட்டுவிடும் யோசனையில் இருந்தார். அந்த ஆள் மெஷின்களை எந்த மூலையில் போடலாம் என்று ஒருநாள் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார்.

"வீட்டுல கட்டில் இருக்கு, மெத்தை இருக்கு. அதை விட்டுட்டுக் குளிர்ல தரையில போய்ப் படுக்கிறவன்கிட்ட காசு இருக்கலாம், புத்தி இருக்காது. அவனை நம்பிக் கடை போடுறதா?" என்றார் மாமனார்.

"புத்தி இல்லாதவங்களை நம்பித்தானேப்பா நீங்க நாலு விலை சொல்றீங்க" என்றாள் மகள்.

சாப்பாட்டு மேஜையில் தொடங்கிய பேச்சு தட்டு காய்ந்த பிறகும் முடியவில்லை. குளிர்காலத்தில் அந்தத் துணி வீட்டுக்குள் மனுஷன் தூங்கவே முடியாது என்பது அவர் கட்சி. தூங்கிக் காட்டினால் மாடி எனக்கு என்பது அவள் கட்சி. அவர் மூன்று ராத்திரி என்று ஆரம்பித்தார். அவள் ஒன்றில் நின்றாள். மலை மேலே, வெயில் கூடாரத்தைத் தொடும்வரை. நடுவில் விடுதிக்குள்ளோ காருக்குள்ளோ கால் வைத்தால் மாடி தையல்காரருக்கு. சாட்சியாக அவரே வந்து காரில் படுப்பார். விடுதியில் அறை எடுத்துத் தூங்கிவிட்டால் இவர்கள் எந்நேரம் நழுவினார்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த மனிதர்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியோடு சேர்ந்து வருகிற ஸ்டெப்னி மாதிரி நானும் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்கை வீட்டார் பிரிக்கக் கூடாது. ஷோகேஸில் வெயில்பட்டு வெளுத்தது, ஓரம் பிரிந்தது, இவைதான் எங்கள் உபயோகத்துக்கு. கல்யாணமான புதிதில் எங்களுக்குக் கொடுத்த போர்வையின் மூலையில் 'மாதிரி, விற்பனைக்கல்ல' என்று முத்திரை இருந்தது. ஆகவே கிளம்புகிற அன்று மனைவி கூடாரத்துக் கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, நான் நல்ல மாப்பிள்ளையாக ஷோகேஸுக்குள் கையைவிட்டு, மலைக்குப் போகிறவர்கள் கேட்கிறார்களே என்று மாதிரிக்கு வைத்து, அங்கே கொழுகொழுவென்று படுத்திருந்த இரண்டு தூங்கும் பைகளையும் தூக்கி டிக்கியில் போட்டேன். ஜோடியாகப் பார்க்கவே கதகதப்பாக இருந்தன.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துகொண்டிருந்தது. உச்சியில் விடுதி, அடியில் ஓடை, நடுச்சரிவில் ஒரு பெரிய பாறை. மாமனார் ஓடைக்குப் பக்கத்தில் சமதளமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். சீட்டைச் சாய்த்தால் ஆள் உருளாது, கண்ணுக்கும் குளிர்ச்சி என்றார். எங்களையும் அங்கேயே கூடாரம் போடச் சொன்னார். மனைவி தலையை ஆட்டிவிட்டுப் பாறையை நோக்கி ஏறினாள். குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரியே ராத்திரியில் பள்ளத்தைப் பார்த்து இறங்கித் தேங்கும் என்று மூச்சு வாங்கியபடி எனக்கு விளக்கினாள். கடைக்கு வருகிற மலையேறிகளிடம் வியாபாரத்தோடு விஷயத்தையும் கறந்து வைத்திருந்தாள். சுமை தூக்கிக்கொண்டு பின்னால் ஏறியவனுக்குக் காற்றின் கனத்தைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

பாறைக்குப் பின்னால், காற்று மறைவில், கூடாரம் எழும்பியது. தலையணை உறை மாதிரி இருக்கிறதே, இன்னும் பெரிதாக ஒன்று கொண்டுவந்திருக்கலாமே என்றேன்.

"உள்ள சூடு போடுறதுக்கு அடுப்பா வெச்சிருக்கேன்? நீங்களும் நானும்தான் அடுப்பு. சின்ன இடம்னாதான் சீக்கிரம் சூடாகும்."

அடுப்புகளில் ஒன்று பைகளை எடுத்துவரக் கீழே இறங்கியது.

மேலே கொண்டுவந்து பையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். சரசரவென்றது. இழுத்தால் கசக்கிய காகிதம் வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. பழைய செய்தித்தாள், துணி சுற்றி வந்த தாள், போன வருஷக் காலண்டர். எல்லாம் வெளியே வந்ததும், கடையில் அத்தனை கொழுத்துத் தெரிந்த பை மழைக்கோட்டு மாதிரி என் கையில் துவண்டு தொங்கியது. கோடைக்காலத்துக்கான மெல்லிய பை. கண்ணாடிக்குப் பின்னால் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று உள்ளே காகிதம் திணித்தவர், இதோ ஓடைக்கரையிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்த என் மாமனாரேதான்.

"மாப்பிள்ளை, ஷோகேஸ் சரக்கையா எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வயிறு குலுங்கி அடங்க வெகுநேரமாயிற்று. பிறகு குரலைத் தணித்து, இப்போதே தோல்வியை ஒத்துக்கொண்டால் மூன்று பேருக்கும் விடுதியில் சூடான சாப்பாடு, அறை எல்லாம் தன் செலவு என்றார். அவர் தன் செலவு என்று சொல்லிக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. ஜெயித்துவிட்டோம் என்று மனிதர் எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பது அதிலிருந்து தெரிந்தது.

மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துவண்டு கிடந்த பைகளையும் காகிதக் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். சரிவுக்குக் கீழே நின்ற காரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சந்தைக்கு வந்தவள் மாதிரி முகத்தை வெறுமையாக்கிக்கொண்டாள். அந்த முகத்தை நான் அறிவேன். எதிராளி ஏமாறப்போகிறார் என்று அர்த்தம்.

"அப்பா, வண்டி டிக்கியில வந்த சாமான் எல்லாம் எங்களோடதுதானே?"

"வேற என்ன இருக்கு அதுல? நாலு அட்டைப்பெட்டி, பேக்கிங் குப்பை."

"அதைத்தான் கேக்குறேன்."

"எடுத்துக்கோம்மா. குப்பை பூரா உனக்குத்தான்" என்று தாராளமாகக் கையை வீசினார்.

கடை வண்டி அது. வெளியூருக்குச் சரக்கு அனுப்புவதற்காக மடக்கிய அட்டைப்பெட்டிகளும், மெத்தை சுற்றும் நுரை ஷீட்டும், காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஷீட்டும் எப்போதும் டிக்கியில் கிடக்கும். அத்தனையும் என் தலையில் ஏறி மேலே வந்தன. எங்கள் கடையில் சரக்குக் கட்டுவது முழுக்க முழுக்க என் மனைவி. அவள் கட்டி அனுப்பிய கண்ணாடி விளக்கு லாரியிலிருந்து விழுந்தும் உடையாமல் போய்ச் சேர்ந்ததாக ஒரு கதை உண்டு. கதையைப் பரப்பியதும் அவளே. இப்போது எங்கள் இரண்டு பேரையும் சரக்காகப் பாவித்துக் கட்ட ஆரம்பித்தாள்.

முதலில் தரை. அட்டைகளை இடைவெளி தெரியாமல் இரண்டு அடுக்காகப் பரப்பினாள். மேலே குமிழ் ஷீட், அதற்கு மேலே நுரை. திருடன் மேலேயிருந்து வருவதில்லை, தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சுகிறது, போர்த்துவதைவிட விரிப்பதுதான் முக்கியம் என்றாள். இரண்டு பைகளின் ஜிப்பையும் ஒன்றோடொன்று கோத்து ஒரே பெரிய பையாக்கினாள். சுமை தூக்கி வியர்த்திருந்த என் உடைகளை, பனியன் உட்பட, உருவச் சொல்லி உலர்ந்ததைக் கொடுத்தாள். ஈரத்தோடு படுத்தால் எத்தனை போர்வையும் வீணாம். பிறகு அந்தக் காகிதக் குவியலுக்கு வந்தாள். ஒவ்வொரு தாளாக நன்றாகக் கசக்கி, என் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே முன்னும் பின்னும் திணித்தாள். தனக்கும் அப்படியே. நான் மூச்சுவிட்டால் பார்சல் பிரிக்கிற சத்தம் கேட்டது.

வெளியே, பாறை மறைவில், சின்ன அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து இரும்புக் குப்பிகளில் ஊற்றி இறுக மூடி, காலுறைக்குள் போட்டுக் காலடியில் வைத்தாள். முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். வெறும் வயிற்றில் அடுப்பு எரியாதாம். அப்பாடா என்று பைக்குள் நுழையப் போனேன். பிடித்து வெளியே தள்ளி, உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாள்.

"இந்த வயசுல தோப்புக்கரணமா?"

"ஃபிளாஸ்க்ல சூடா ஊத்தினாத்தான் சூடா இருக்கும். ஜில்லுனு ஊத்தினா காலையில வரைக்கும் ஜில்லுனுதான் இருக்கும். உடம்பு சூடாகாம உள்ள வராதீங்க."

மாமனார் காரிலிருந்து டார்ச் அடித்து இந்தக் காட்சியைப் பார்த்து ரசித்தார். மாப்பிள்ளைக்கு இப்போதே பித்துப் பிடித்துவிட்டதா என்று கத்திக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை.

உள்ளே போனதும் கூடாரத்தின் உச்சியில் இருந்த சின்னத் திறப்பை மூடப் போனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது. நம் மூச்செல்லாம் மேலே ஈரமாகப் படிந்து சொட்டும், அது போக வழி வேண்டும், பைக்குள்ளும் மூச்சு விடக் கூடாது, மூக்கு வெளியே இருக்கட்டும், தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொள்ளுங்கள் என்று வரிசையாக உத்தரவு வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவன் எந்த உத்தரவில் தூங்கிப்போனேன் என்று தெரியாது. காலடியில் குப்பி இருந்தது, பக்கத்தில் மனைவி இருந்தாள், கீழே குளிர் இல்லை. எங்கள் வீட்டுக் கட்டிலில்கூட இத்தனை சுகமாகப் படுத்ததில்லை என்பதைக் கடையில் சொல்லிவிடக் கூடாது, மெத்தை வியாபாரம் கெடும்.

வானம் வெளுக்கத் தொடங்குகிற நேரம். வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"சும்மாதான் வந்தேன். ரெண்டு பேரும் உசிரோட இருக்கீங்களான்னு பாக்கலாம்னு."

வார்த்தைகளுக்கு நடுவே பல் அடித்துக்கொண்டது. மனைவி ஜிப்பைக் கொஞ்சமாக இறக்கினாள். மாமனார் இரண்டு கைகளையும் அக்குளில் செருகி, கார் சீட்டின் உறையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பனி படிந்து மீசை வெள்ளையாகியிருந்தது. எஞ்சினை விடிய விடிய ஓடவிட முடியாது. அணைத்தால் கார் என்பது நாலு பக்கமும் இரும்பும் கண்ணாடியும்தான். அவர் மூச்சே கண்ணாடியில் உறைந்து அவரையே பார்த்திருக்கிறது. போதாததற்கு, மலையின் மொத்தக் குளிரும் இறங்கிவந்து அவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த அந்த ஓடைக்கரையில்தான் குடித்தனம் வைத்திருந்தது.

"உள்ள இடம் இருக்காம்மா?"

"இருக்கு. மாடி?"

"பாதி தர்றேன். ஜன்னல் பக்கம் உனக்கு."

"முழுசா."

"முக்கால். ஒரு மூலையில தையல்காரர் உக்காந்துட்டுப் போகட்டும்."

ஜிப் திறந்திருந்த வழியாகக் குளிர் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. யார் ஜெயித்தாலும் சரி, ஜிப்பை மூடிவிட்டுப் பேசுங்கள் என்று கெஞ்சினேன்.

மனைவி தன் தகப்பனாரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அவருடைய நடுக்கம் அந்த வெளிச்சத்திலும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் மாடியோடு கீழ்க்கடையையும் எழுதிக் கொடுத்துவிடுவார். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"முதல்ல உள்ள வாங்கப்பா. நடுங்குறவங்ககிட்ட முடிக்கிற பேரம் நிக்காது. வெயில் வரட்டும், பேசிக்கலாம்."

ஜிப்பை முழுசாகத் திறந்து அவரை இழுத்துக்கொண்டாள். ஒரு குப்பியில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. அதை அவர் வயிற்றில் வைத்து, என் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் மாட்டி, என் முதுகுக் காகிதத்தில் பாதியை உருவி அவர் சட்டைக்குள் திணித்தாள். சரக்கு மூன்றாகிவிட்டது. கைகால் சூடேறியதும் அவர் சார்பில் குறட்டைதான் பேசியது.

வெயில் வந்து கூடாரத் துணியில் உட்கார்ந்தது. உள்ளே எல்லாம் மஞ்சளாயிற்று. மனைவி அதைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தாள். அப்புறம்தான் எழுந்து வெளியே போனாள். நானும் போனேன். மாமனார் வரவில்லை.

ஓடைக்கரையில் பனி பூசி நின்ற காரைப் பார்த்துப் பதறி, விடுதிக்காரர் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தார். கூடாரத்தில் படுத்தவர்கள் நாங்கள்தான் என்றதும் நம்பாமல் துணியைத் தொட்டுப் பார்த்தார். வெளியே படுக்க வேண்டும் என்று விருந்தாளிகள் நச்சரிக்கிறார்கள், யாராவது குளிரில் விறைத்துப்போனால் யார் பதில் சொல்வது என்று நான்தான் தள்ளிப்போட்டு வருகிறேன் என்றார்.

ஜிப் இறங்கியது. என் தொப்பியோடு மாமனாரின் தலை வெளியே வந்தது. முகத்தில் தூக்கக் கலக்கம், குரலில் கல்லா.

"உள்ள கையை விட்டுப் பாருங்க சார். சூடு தெரியுதா? நான் கார்ல படுத்தவன். முடியாம ஓடிவந்து இதுக்குள்ள தூங்கினேன். சொல்றதுக்கு எனக்கு வெக்கமே இல்லை."

விடுதிக்காரர் கையை விட்டார். பிறகு தலையையும் விட்டார். இந்த மாதிரி எங்கே கிடைக்கும் என்று உள்ளேயிருந்தே கேட்டார்.

மாமனார் கடையின் வழியைச் சொன்னார். "கீழ நிக்காதீங்க, அங்க என்கிட்ட வெறும் போர்வைதான் இருக்கு. நேரா மாடி ஏறிடுங்க. மாடியில என் பொண்ணு இருப்பா. எல்லாம் அவகிட்டதான்."

என் மனைவி கூடாரத்து முளையைப் பிடுங்கக் குனிந்தவள், அப்படியே குனிந்த நிலையில் நின்றாள். நிமிர்ந்தபோது கண் பளபளத்தது. குளிர்காற்றாக இருக்கலாம் என்று நான் மரியாதைக்கு நினைத்துக்கொண்டேன்.

விடுதிக்காரர் போன பிறகு, கூடாரத்தை மடிக்க வேண்டும், வெளியே வாருங்கள் என்று அவரை அழைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் என்று ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து காகிதம் சரசரத்தது. தொடர்ந்து அவர் போனில் பேசுகிற குரல் கேட்டது.

"தையல்காரரே, தப்பா நினைக்காதீங்க, மாடி கைமாறிடுச்சு. இல்லைங்க, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. பார்ட்டி ரொம்பப் பெரிய கை. வியாபாரத்துல என்னையே உருட்டிட்டாங்கன்னா பாத்துக்கோங்க."