திருப்பாத மறைப்பு

பட்டியலைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. எட்டு மாதம் கண் பூத்துப்போகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த புள்ளிகளில் பத்தொன்பதைக் காணோம்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன் மண்டலம். நடுவில் கருந்துளை, அதைச் சுற்றிக் கம்பளி போர்த்தியது மாதிரி தூசி. சாதாரண வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வலுவான எக்ஸ் கதிர் மட்டும்தான் தூசியைத் துளைத்து வரும், அதுவும் கஞ்சன் கைக் காசு மாதிரி. கணினி தடுமாறும் இடத்தில் ஆள்தான் கண்ணால் பார்த்து ‘உண்டு’, ‘இல்லை’ போட வேண்டும். அந்த ஆள் அவள்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தாள். விஷயம் பிடிபட்டது. தொலைநோக்கிக்குள் பக்கவாட்டிலிருந்து நுழையும் திருட்டு வெளிச்சம் படத்தின் ஓரத்தில் பிறைபோல் விழும். அந்த ஓரத்தைக் கணக்கில் சேர்க்காமல் மூட, கணினியில் ஒரு மறைப்பு போடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தைப் பார்த்தபோது தொலைநோக்கி தலைகீழாகத் திரும்பியிருந்தது. பிறையும் எதிர் ஓரத்துக்குப் போய்விட்டது. மறைப்பை மட்டும் யாரும் திருப்பவில்லை. நல்ல புள்ளிகள் அதனடியில் புதைந்துவிட்டன. திருட்டு வெளிச்சம் பதினொரு ‘புதிய மண்டலங்கள்’ என்று பட்டியலில் ஏறிவிட்டது.

மறைப்பைப் போட்டவன் அவளுடைய அண்ணன். அடுத்த மேசை.

“அண்ணா, இங்க வா.”

“அங்கேருந்தே சொல்லு. மூணு மணிக்குக் கட்டுரை போகணும்.”

“வந்து பாருன்னா.”

வந்தான். பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

“சரி, அடுத்த பட்டியல்ல சேத்துக்கலாம். இப்ப வாயத் திறக்காத.”

“எட்டு மாசம் பாத்தது என் கண்ணு. நீ யாரு மூடுறதுக்கு?”

“உன்னை இங்க சேத்துவிட்டதே நான்தான். மறந்துட்டியா?”

“பஸ்ல சீட்டுப் பிடிச்சுக் குடுத்துட்டு பஸ்ஸே உன்னுதுன்னு சொல்லாத.”

“அம்மா கேட்டா என்ன சொல்லுவ? அண்ணன் மானத்த வாங்கினேன்னா?”

“திருப்ப மறந்தான்னு சொல்லுவேன். மூடி மறைக்கப் பாத்ததயும் சேத்துச் சொல்லுவேன்.”

கதவு திறந்தது. ஆய்வுக்குழுத் தலைவர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, பட்டியலுக்கு ‘சரி’ போட்டாச்சா?”

“இதோ போட்டுடுவா சார்,” என்றான் அண்ணன்.

“போடமாட்டேன்.” குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தின் மேலும் அவளுக்கு ஆத்திரம். திரையை அவர் பக்கம் திருப்பினாள். “இந்தப் பதினொண்ணும் வானத்துல இல்ல சார். பாருங்க, பிறை மாதிரி வளைஞ்சு நிக்குது. மறைப்பு தப்பான பக்கம் விழுந்திருக்கு.”

அவர் திரையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்படியே அனுப்புங்க,” என்றாள். “என் பேரை எடுத்துட்டு அனுப்புங்க. யாரு கண்ணால பாத்தாங்கன்னு கேட்டா என்ன எழுதுவீங்க?”

அதற்குப் பிறகுதான் அவர் குனிந்து திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“மறைப்பப் போட்டது யாரு?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனே சொல்லட்டும்.

“நான்தான் சார்.”

“திருப்பிப் போட எவ்வளவு நேரம்?”

“நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்.”

“அப்ப நாளைக்கே அனுப்புங்க.” தலைவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “சந்தோஷமா?”

“இல்ல. மறைப்பத் திருப்பற கோணத்த நான் படிக்கிறேன், நீ டைப் அடி,” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.