மூணு ஆள் வேலை

குளியலறையில் வழுக்கி விழுந்து மனைவியின் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. கணவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு போன் போட்டார்.

“ஒரு ஆள் அனுப்புங்க. பெருசா வேலை ஒண்ணும் இருக்காது.”

“சமையல் உண்டா?” என்று கேட்டார் நிறுவனத்து அம்மாள்.

“உண்டு.”

“பாத்திரம், துணி, கூட்டித் துடைக்கிறது?”

“அதுவும்... உண்டு.”

“வயசானவங்க?”

“அப்பா இருக்காரு. சக்கரை. நேரத்துக்கு ஊசி போடணும்.”

“மூணு ஆள் வேணும் சார்.”

“என் வீட்டுல ஒருத்திதானம்மா பாத்துக்கிட்டிருந்தா!”

“அப்படி ஒருத்தர் இருந்தா சொல்லுங்க, நானே வேலைக்கு வச்சுக்கறேன்.”

மூன்று பேருக்கான தொகை ஆசிரியரின் சம்பளத்தில் முக்கால்வாசியை விழுங்கியது. வந்தவர்கள் பருப்பு எங்கே, ஊசி எங்கே என்று அவரைக் கேட்டார்கள். அவர் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். “அவளையே கேளுங்க.”

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கை விரலை மட்டும் அசைத்தாள். பத்தரை மணிக்கெல்லாம் வேலை முடிந்தது.

நான்காம் நாள் நிறுவனத்து அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். “மத்த வீட்டுல ரெண்டு மணி வரைக்கும் இழுத்தடிப்பாங்க. இங்க என்ன நடக்குதுன்னு பாக்கத்தான் வந்தேன்.” அரைமணி நேரம் பார்த்தார். “ஆளுங்களை மேய்க்க எனக்கு ஒருத்தர் வேணும். வர்றீங்களாம்மா?”

ஆசிரியர் குறுக்கே புகுந்தார். “இவளுக்கு முன் அனுபவம் கிடையாதுங்களே.”

“எத்தனை வருஷமா குடும்பம் நடத்தறீங்க?”

“பதினேழு” என்றாள் மனைவி.

“லீவு?”

“இப்பதான் எடுத்திருக்கேன்.”

நிறுவனத்து அம்மாள் சொன்ன சம்பளம் ஆசிரியருடையதைவிடக் கொஞ்சம் கூடுதல். அன்று மாலை வண்டி ஓட்டிய மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சார், ஊரே முடிஞ்சு போச்சு. திரும்பலாமா?”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார். “நீ போயிட்டா இங்க யாரு பாத்துக்குவாங்க?”

“மாமாவைப் பாத்துக்க ஒரு ஆள் வச்சுக்கலாம். மிச்சம் ரெண்டு ஆள் வேலை. ஆளுக்கு ஒண்ணு.”

துணி துவைப்பதுதான் லேசு என்று அந்தப் பங்கை அவர் எடுத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்த மறுவாரம் அவள் வேலைக்குப் போனாள். அன்று காலை பத்து மணிக்குள் ஆசிரியர் ஐந்து தடவை அவளை போனில் கூப்பிட்டுவிட்டார். ஆறாவது தடவை வேறு குரல் பேசியது.

“மேடம் மீட்டிங்ல இருக்காங்க. அவசரமா சார்?”

கையிலிருந்த ரோஜா நிறச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெஷினுக்குள் போகும்போது அது வெள்ளைச் சட்டை.

“இல்லம்மா” என்றார். “இனிமே அவசரப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.”