ஏழாவது ரப்பர்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் லோரன்ஸ் ஐயா லாரிக்கு அடியில் குனிந்து, விரலை விட்டுக் கறுப்பாக எதையோ பிய்த்தெடுத்தார். அதை லாரி டிரைவரான என் அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன வீரய்யா?"

"ரப்பருங்க ஐயா. கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல வைக்கிறது."

"ஆடி மாசந்தான் புதுசு வாங்கிக் குடுத்தேன். இது களி மாதிரி இருக்கு. புதுச எங்க வித்த?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. இல்லை என்று சொல்லக்கூடவா இந்த மனிதருக்கு நாக்கு வரவில்லை?

யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஓடிவிட்டுத் தோட்டத்துக்கு வந்த லாரி அது. தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகலை ஸ்டேஷனில் இறக்கும். அதன் கேபின் அடிச்சட்டத்தின் மீது ஆறு ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய கட்டைகள் தேய்ந்து தகடாகிவிட்டதால், ஆடியில் அப்பாவே ஜாக்கி போட்டுக் கேபினை ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிப் புதியவற்றை மாற்றினார். தை பிறப்பதற்குள் டிரைவர் பக்கம் மறுபடியும் இறங்கிவிட்டது. அன்று காலை வளைவில், கேபின் சரிந்திருந்ததால் கதவு தானாகத் திறந்துகொள்ள, அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"திங்கக்கிழமை துரைக்கு முன்னால வந்து பதில் சொல்லு. அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

தோட்டத்து மேனேஜரான துரை திருட்டு என்று முடிவு செய்தால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவும் போகும். பேராதனையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு வேலை கேட்ட இடமெல்லாம் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்; எங்களுக்கு அது இல்லை. அப்பாவின் சம்பளம்தான் எங்கள் அடுப்பு.

கிளாக்கர் வீசிவிட்டுப் போன ரப்பர் துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு அட்டன் டவுனுக்குப் பஸ் ஏறினேன். யார் திருடன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே கராஜ் வைத்து ரப்பர் விற்ற லியனார்ட்தான்.

கராஜ் வாசலில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டேன். "லியனார்ட் அண்ணே, பழைய டயர அறுத்து மை பூசி விக்கிறதுக்கு வெக்கமா இல்லயா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக உள்ளே போனார். புது ரப்பர் ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் எறிந்தார். அது முழங்கால் உயரத்துக்குத் துள்ளியது.

"இதே சரக்குதாம்மா உங்கப்பனுக்கும் குடுத்தேன். ஆறு கேட்டாங்க. நான் ஏழு குடுத்தேன், ஒண்ணு சும்மா. அந்த ஏழாவது எங்கன்னு போய் ஒங்க வீட்டுல கேளு. படிச்ச புள்ள, மொதல்ல அங்க கேட்டுட்டுல்ல இங்க வந்திருக்கணும்!"

நாலு பேரும் சிரித்தார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஏழாவது என்னை அரித்தது. அப்பா அதைப் பற்றி ஏன் சொல்லவில்லை? ஒன்றை ஒளித்தவர் மற்றதையும் ஒளித்திருக்க மாட்டாரா?

காம்பராவைச் சல்லடை போட்டுத் தேடினேன். விறகுக்குப் பின்னால் இல்லை. பரணில் இல்லை. கடைசியில் கிடைத்தது நான் படிக்கும் மேசையின் காலுக்கு அடியில்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"மேசை ஆடுச்சு. நீ எழுதறப்ப கடகடன்னு சத்தம். அதான் வெச்சேன்."

"மத்தது?"

"மத்தது லாரியிலதான் இருக்கு. என்னா புள்ள, நீயும் கிளாக்கர் மாதிரியே பேசற?"

தாளைப் பிரித்து, களியாகக் கிடந்ததை முகர்ந்தேன். டயர் நாற்றமோ பெட்ரோல் நாற்றமோ இல்லை. விளக்கு நாற்றம். காறிப்போன தேங்காயெண்ணெய்.

"அப்பா, லாரிக்கு எண்ணெ விட்டீங்களா?"

"வெள்ளிக்கிழம முனியாண்டிக்கு வெளக்கு வைக்கிறேன்ல. மிஞ்சுற எண்ணெயக் கண்ட எடத்துல ஊத்தலாமா? வண்டிக்கு விடுவேன். புது ரப்பரு என் சீட்டுக்கு அடியில கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. அங்கதான் ஊத்துனேன். சத்தம் நின்னுபோச்சே!"

வெள்ளி தவறாமல்! ரப்பர் எண்ணெயைக் குடிக்கும், குடித்து ஊதும், ஊதிக் கரையும்.

"சாமி எண்ணெயையா குத்தம் சொல்ற? எந்த வாத்தி ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தான்?" என்று கத்திவிட்டு அப்பா வெளியே போய்விட்டார். நான் ஏழாவதை இரண்டாக அறுத்தேன். ஒரு பாதியைக் கோயில் விளக்குக்கான தேங்காயெண்ணெயில் போட்டு அடுப்போரம் வைத்தேன். மறுபாதியை அப்படியே வைத்தேன்.

திங்கட்கிழமைக்குள் எண்ணெயில் கிடந்தது ஊதி, நகம் பட்டால் பிய்யும் பதத்துக்கு வந்துவிட்டது. இரண்டையும் ஆபீஸ் மேசைமேல் வைத்தேன். துரை பைப் புகைத்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெ பட்டது டிரைவர் பக்கம் மட்டுந்தான் ஐயா. எடது பக்கத்து மூணும் இன்னும் கல்லு மாதிரி இருக்கு. பார்த்தீங்களா?"

லோரன்ஸ் ஐயா காய்ந்த பாதியை மட்டும் எடுத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தேன். அப்ப மூணு மாட்டிட்டு மூணு எடுத்திருக்கான். ஒண்ண நீயே கொண்டு வந்துட்ட. மத்த ரெண்டு எங்க, டிகிரிக்காரி?"

அப்பாவைக் காப்பாற்ற நான் கொண்டு வந்ததே அவருக்கு விலங்காகிவிட்டது.

"லியனார்ட் அண்ணே ஏழு குடுத்தாரு. போன் போட்டுக் கேளுங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நாலு பேர் முன்னால் நான் திருடன் என்று சொன்ன ஆள், என் அப்பாவுக்காகவா வாய் திறப்பார்? ஆறுதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் வாய்க்குப் பதில் கிடைத்துவிடும்.

லோரன்ஸ் ஐயா போனைக் காதில் வைத்து "ம்… ம்…" என்றார். பிறகு வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். ஏழு கொடுத்தானாம்.

துரை சரி என்று தலையை ஆட்டினார். சாவி மேசைக்கு இந்தப் பக்கம் வந்தது.

"புது ரப்பர் வாங்க ஒன்னயே அனுப்பச் சொன்னான் அந்த லியனார்ட்," என்றார் லோரன்ஸ் ஐயா. "நாலு பேர் இருக்கிற நேரமாப் பார்த்து வரணுமாம்."

போனேன். நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். லியனார்ட் அண்ணன் மூன்று ரப்பரை எண்ணிக் கொடுத்துவிட்டு, "இந்தத் தடவ சும்மா ஒண்ணும் கெடையாது, தாயி," என்றார்.

ரப்பர் மாட்டிய பிறகு வந்த முதல் வெள்ளி. அப்பா முனியாண்டிக்கு விளக்கு வைத்துவிட்டு, மிஞ்சிய எண்ணெயைத் தேங்காய்ச் சிரட்டையில் ஏந்தி லாரிப் பக்கம் நடந்தார். லயத்து வாசலில் நான் நின்றேன். என்னைப் பார்த்தார். முறைத்தார். பிறகு திரும்பிப் போய்ச் சாமி கல்லின் தலையிலேயே ஊற்றினார்.

மறுநாள் விடிந்ததும், அவர் எழுவதற்கு முன்னால், லாரிக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கும் பார்ப்பேன்.