பெரிய எண்ணே ஜெயிக்கும்

ஸ்விட்ச் என்றதும் வீட்டில் லைட் போடுகிற சுவிட்சை நினைக்கக் கூடாது. நான் ஆராய்ச்சி செய்தது, கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஓடும் தகவலை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று திருப்பிவிடுகிற ஸ்விட்ச். எது எங்கே போக வேண்டும் என்ற விதியை நாமே எழுதலாம். ஓப்பன் சோர்ஸ் என்பதால் அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அந்த ஒரு வசதியை வைத்துத்தான் பேராசிரியர் சாம்சுந்தரைப் பழிவாங்கினேன். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அவர் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு. பட்டாசு ஆலையில் மருந்து அறை சூடேறினால், சென்சார் அனுப்பும் எச்சரிக்கை மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போய் மணியை அடிக்க வேண்டும். இதுதான் என் ஆராய்ச்சி. தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் சோதனைக்கு மாட்டினோம். நான் சென்னைக்குப் போயிருந்தபோது முதலாளி கேட்டார் என்று கேமராக்களையும் அதே லைனில் சேர்த்துவிட்டார் கைடு. சில நாளில் அறை சூடேறியது. மணி அடிக்கவில்லை, மருந்து பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவள் பாண்டிமீனா. ஆமத்தூரில் எங்கள் தெருக்காரி, என்னோடு பத்தாவது வரை படித்தவள். உயிர் தப்பியது. இரண்டு கைகளும் வெந்துபோயின.

"ஓசியிலே கெடைக்கிற ஸ்விட்ச், அதுலே ஜெஸ்லின்னு ஒரு பொண்ணு எழுதுன புரோகிராம்" என்று விசாரணையில் என்னைக் கைகாட்டிவிட்டார் சாம்சுந்தர். என் ஆராய்ச்சிப் பதிவு ரத்தானது. அதுகூடப் போகட்டும். பாண்டிமீனாவின் அம்மா என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார். டீச்சரான என் அம்மா சர்ச்சுக்குத் தலைகுனிந்து போய் வந்தார்.

சில மாதம் கழித்து, சாம்சுந்தர் அதே ஆராய்ச்சியைத் தன் பெயரில் கட்டுரையாக வெளியிட்டார். நிரலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்பது கட்டுரை வெளியிடும் இதழின் நிபந்தனை. வைத்திருந்தார். திறந்து படித்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒரே தகவலுக்கு இரண்டு விதி பொருந்தினால், இந்த ஸ்விட்சில் பெரிய எண் உள்ள விதிதான் ஜெயிக்கும். எச்சரிக்கைக்கு நான் அறுபதாயிரம் கொடுத்திருந்தேன். அவர் அதை ஒன்று ஆக்கிவிட்டு, அந்த அறையிலிருந்து வரும் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிற கேமரா விதிக்கு நூறு போட்டிருந்தார். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் மாவட்டம் முதலிடமா என்று பேப்பரைப் புரட்டுகிற ஊர் இது. ரேங்க் அட்டையிலேயே வளர்ந்த மனிதர், ஒன்று என்றால் முதல் என்று நினைத்துவிட்டார். எச்சரிக்கை போய்க் கேமராப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது. கேமரா ஓடாதபோது சோதித்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

அவரிடம் மூச்சு விடவில்லை. சிவகாசியில் ஆலை முதலாளிகளைக் கூட்டிச் செய்துகாட்டி, அங்கேயே ஆர்டர் பிடிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் பாண்டிமீனா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளே வெளியே வந்தாள்.

"நான்தான் செஞ்சேன்னு நம்புறியா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப எங்கூட வா. தெரிஞ்சுக்கிடு."

மேடையில் சாம்சுந்தர் சூடான இஸ்திரிப் பெட்டியைச் சென்சாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மணி அடித்தது. கைதட்டல். பின்வரிசையில் பாண்டிமீனா பக்கத்திலிருந்து நான் எழுந்தேன்.

"சார், கேமரா எல்லாத்தையும் ஓடவிட்டு ஒருதரம் காட்டுங்க."

என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டியது. ஆனால் முதலாளிகள் பிடித்துக்கொண்டார்கள். "ஆமா சார், கேமரா இல்லாம எப்படி? போடுங்க."

போட்டார். பெட்டியை நீட்டினார். சத்தமில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனார். சென்சாரின் பிளாஸ்டிக் உருகி நாறியது. பின்னாலிருந்த பெரிய திரையில், பல கோணங்களில், துளி தடங்கல் இல்லாமல், இஸ்திரிப் பெட்டியும் கையுமாக அவரே வேர்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

"இது அந்தப் பொண்ணு எழுதுன..." என்று ஆரம்பித்தார்.

"நெட்டுலே தெறந்துதானே கெடக்கு சார். எல்லாரும் போன்லயே பாக்கலாம். மேலே உங்க பேருதான் இருக்கு. அலாரத்துக்கு ஒண்ணு, கேமராவுக்கு நூறு. யாரு போட்டது?"

"நான்தான் போட்டேன். ஒண்ணுதானே மொதல்லே போகணும்?"

அவசரத்தில் சொல்லிவிட்டார். பெரிய எண்தான் ஜெயிக்கும் என்று நான் விளக்கினேன். முன்வரிசையில் ஒருவர், "அப்ப தாயில்பட்டியிலே மணி அடிக்காமப் போனது?" என்று கேட்டார். சாம்சுந்தர் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பாண்டிமீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன்.

முதலாளிகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர் இறங்கி எங்களிடம் வந்தார்.

"அம்புட்டுப் பேரு முன்னாலே மானத்தை வாங்கிட்டியேம்மா. சரி, வந்து திருத்திக் குடு. கட்டுரையிலே உன் பேரையும் போட்டுருதேன்."

"எம் பேரு வேண்டாம் சார். இவ பேரைப் போடுங்க."

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பையிலிருந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"உங்க பேரை இதுலே எழுதிக் குடுங்கம்மா."

பாண்டிமீனா துப்பட்டாவை விலக்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன விரல்களை அந்தப் பேனாவுக்கு நேரே நீட்டினாள்.

"பிடிக்க வராது சார். நீங்களே எழுதிக்கிடுங்க. பாண்டிமீனா, தாயில்பட்டி மருந்து ரூம்."