எந்த ஃபோல்டரில் நின்று ஓடியது

பன்னிரண்டு நாற்காலிகள் போட்ட வரிசையில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள். அவள் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்று வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். நோயாளியின் எடைக்கேற்ப மருந்தளவு சொல்லும் மென்பொருளுக்கு அவள் எழுதிய நாற்பது சோதனைகள்தான் அவளுக்கு ஒரே சிபாரிசு. எழுதிய அன்று கையால் ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் மூன்று வாரமாக, மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் பில்ட் ஸ்கிரிப்ட்தான் தினமும் ஓட்டியது. தினமும் நாற்பதும் பச்சை, அதாவது தேர்ச்சி.

தன்மேல் அவளுக்கு என்றுமே நம்பிக்கை கிடையாது. அன்று மதியம், சோதனைக்கான தகவல் கோப்பில் ஒரு குழந்தையின் எடையை வேண்டுமென்றே நூற்றிருபது கிலோ ஆக்கிவிட்டு பில்டை ஓட்டினாள். சிவப்பு வர வேண்டும். வந்தது பச்சை.

எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறாய் என்று கேட்டு ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். பில்ட் ஸ்கிரிப்ட் மேல் ஃபோல்டரில் நின்றுகொண்டு, உள் ஃபோல்டரில் இருந்த, சோதனைகளை ஓட்டும் அவளுடைய சின்ன ஸ்கிரிப்டைக் கூப்பிட்டிருக்கிறது. அதுவும் மேலே நின்றபடியே கோப்பைத் தேடியிருக்கிறது. அங்கே அதே பெயரில் யாரோ என்றைக்கோ விட்டுப்போன பழைய கோப்பு. அதில் எல்லோரும் பெரியவர்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை.

முதலில் தன் ஃபோல்டருக்குள் போய் நிற்கும்படி சின்ன ஸ்கிரிப்டைத் திருத்தினாள். எடையைப் பழையபடி மாற்றிவிட்டு ஓட்டினாள். பதினொன்று சிவப்பு. பதினொன்றும் குழந்தைகள். நடுவில் யாரோ மருந்தளவுக் கணக்கை மாற்றியதை மூன்று வாரமாக யாரும் பிடிக்கவில்லை. அன்று மாலை ஐந்துக்கு மென்பொருள் வெளியீடு.

அக்காவைக் கூப்பிட்டாள்.

"என்னடி, வேலை நிரந்தரம்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லக்கா, ஒரு விஷயம்..."

"சொன்னதும் கூப்பிடு. தலைக்கு மேல வேலை கிடக்கு."

வேலை முடிவான பிறகு, திருத்தத்தைச் சனிக்கிழமை சேர்த்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அதை நினைத்ததுமே தன்மேல் வெறுப்பு வந்தது. குழுத் தலைவரை அழைத்தாள். மைக்கை அணைத்ததை மறந்து மணிக்கணக்காகப் பேசுகிறவர் என்பதால் அவருக்கு 'மியூட்' என்று பட்டப்பெயர்.

"சார், மூணு வாரமா வந்த பச்சை எல்லாம் பொய். டெஸ்ட் வேற கோப்பைப் படிச்சிருக்கு. என் தப்புதான். பதினொரு குழந்தைங்களுக்கு டோஸ் தப்பா வருது."

அழைப்பு அறுந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தாள்.

"சார்... மைக்கு..."

"ஆன்லதாம்மா இருக்கு. மூச்சு விட்டுக்கறேன். வெளியீட்டை நிறுத்தறேன். மேல இருக்கறவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கணும். நீ பதினொண்ணையும் எழுதி அனுப்பு."

"வெள்ளிக்கிழமை, சார்?"

"தெரியலம்மா. நிஜமாவே தெரியல."

அழைப்பு முடிந்தது. முதல் சிவப்பைத் திறந்தாள்: ஒன்பது மாதம், எட்டு கிலோ, மென்பொருள் சொன்ன அளவு கொடுக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. எழுத ஆரம்பித்தாள். அறையில் அசைவில்லை என்று கண்டு விளக்குகள் தாமாக அணைந்தன. எழுந்து கையை ஆட்டி எரியவைத்துவிட்டு, இரண்டாவதைத் திறந்தாள்.