முப்பது நொடி தாங்காத பாட்டு

ரெகே, டான்ஸ்ஹால் என்ற உள்ளூர் இசைவகைகளுக்கென்றே ஜமைக்காவில் தனியாக ஒரு வெற்றிப் பட்டியல் பிறந்த நாலாவது வாரம், முதலிடத்தைப் பிடித்தது ஒரு சாவுப் பாட்டு. வானொலியில் காலையும் மாலையும் மரண அறிவிப்பு வாசிக்கும்போது பின்னால் மெல்ல ஓடுமே, அதேதான். பாடியவர் பதினைந்து வருஷத்துக்கு முன்பே கனடாவுக்குப் போய், அங்கே குளிர்சாதனப் பெட்டி விற்கிறார். தான் இங்கே முதலிடத்தில் இருப்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

பாடகி ஷெர்னெட்டின் பாட்டோ முதல் ஐம்பதிலும் இல்லை. கிங்ஸ்டனில் டாக்சிக்காரர் முதல் கொரனேஷன் சந்தையில் கிழங்கு விற்பவள் வரை எல்லாரும் முணுமுணுப்பது அதைத்தான். ஆனால் முணுமுணுப்பைப் பட்டியல் எண்ணாது.

பட்டியலின் திறப்பு விழாவில் ஷெர்னெட்டும் கை சிவக்கத் தட்டியவள்தான். அதுவரை வெளிநாட்டார் நம் பாட்டை 'இதர' என்ற டப்பாவில், பல்கேரியப் பஜனைக்கும் திமிங்கலத்தின் முனகலுக்கும் நடுவே போட்டு வைத்திருந்தார்கள். "நம் பாட்டுக்கு நம் பட்டியல்!" என்று அமைச்சர் முழங்கியபோது அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தப் பட்டியலை நம்பித்தான் ஜெர்மனி இசைவிழாக்காரரும் அவளுக்கு நிபந்தனை எழுதியிருந்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முதல் பத்துக்குள் இருந்தால் மேடை, ஒப்பந்தம், விமான டிக்கெட். இல்லாவிட்டால் அன்பான வாழ்த்துகள். இருபத்தொன்பது வயதுவரை விமானத்தைக் கீழே நின்று மட்டுமே பார்த்தவள் அவள்.

பட்டியல் அலுவலகத்தில் அதிகாரி மிஸ்டர் லிண்டோ ஒரு தாளை நீட்டினார். அறையில் மீன் வைத்தால் ஒரு வாரம் கெடாது, அவ்வளவு குளிர்.

"உங்க பாட்டு ஓடினது பூஜ்யம் தடவ, மிஸ்."

"நேத்து டம்ப்ளிங் அண்ணன் ரேடியோவுல ஒரே மணி நேரத்துல ஒன்பது தடவ போட்டாரே சார்!"

"போட்டாரு, உடனே நிறுத்திட்டாரு. முப்பது நொடி விடாம ஓடினாத்தான் ரேடியோவைக் கேக்குற கருவி எண்ணும். உங்களோடது பத்தொன்பதைத் தாண்டல. ஜனங்களுக்குப் பிடிக்கல போல."

ஷெர்னெட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகு இன்னொரு தரம் கேட்பது மற்ற ஊர் வழக்கம். இங்கே பிடித்த பாட்டை யாரும் முடியவே விடமாட்டார்கள். நாலு வரி போனதும் கூட்டம் சுவரைக் குத்தும், "திருப்பு!" என்று அலறும். போடுகிறவர் பாட்டை அறுத்து முதலிலிருந்து தொடங்குவார். எத்தனை முறை அறுபடுகிறதோ அத்தனை மதிப்பு. முழுசாக ஓடும் பாட்டு, யாரும் கவனிக்காத பாட்டு.

"பிடிச்சதாலதான் சார் நிறுத்துறாங்க! நீங்க எந்த ஊரு?"

"மாண்டிவில்."

"அந்த அமைதியான மலையூரா? அதானே பாத்தேன். அப்ப அந்தச் சாவுப் பாட்டு?"

"அதை யாரும் குறுக்கே நிறுத்துறதில்ல, மிஸ். முழு மரியாதையோட கேக்குறாங்க."

"பட்டியல் நம்மளோடது. காது மட்டும் யாரோடது சார்?"

"ஐரோப்பாவுல வாங்கினது," என்றார் லிண்டோ பெருமையாக. "ரெண்டு வருஷம் உத்தரவாதம். விதி விதிதான், மிஸ்."

ஷெர்னெட் நேராக வானொலி நிலையத்துக்குப் போனாள். அறிவிப்பாளர் டம்ப்ளிங் ஒரு கையில் கறி அடைத்த பலகாரமும் மறு கையில் பாட்டை நிறுத்தும் பொத்தானுமாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இனிமே என் பாட்டை நிறுத்தாதீங்க."

அவர் வாயில் இருந்தது தொண்டையில் சிக்கிக்கொண்டது. "நான் உனக்கு என்ன துரோகம் பண்ணேன் தங்கச்சி? நிறுத்தாம விட்டா டம்ப்ளிங்குக்குக் காது போச்சும்பான். உன் பாட்டு படுத்துருச்சும்பான்."

கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் முழுசாக ஓடவைத்தாள். மூன்றாம் நாள் பக்கத்து ஊரான போர்ட்மோரில் நடன விருந்து நடத்துகிறவர் போன் செய்தார். "பாட்டு ஆறிப்போச்சாமே? உங்க கச்சேரிய அடுத்த மாசம் பாக்கலாமா?" பட்டியலில் ஏறுவதற்குள் ஊரில் இறங்கிவிடுவாள் போலிருந்தது. "அண்ணே, பழையபடி அறுங்க" என்று ஓடினாள்.

ஓடின இடத்தில்தான் ஒன்றைக் கவனித்தாள். டம்ப்ளிங் யாரையும் விட்டுவைப்பதில்லை. சோப்பு விளம்பரத்தை அறுப்பார், பாதிரியாரை அறுப்பார், பிரதமரையே ஒருமுறை பாதியில் அறுத்தவர். ஆனால் "நான்தான் டம்ப்ளிங், கிங்ஸ்டனின் சிங்கம்" என்று தன் குரலிலேயே தொடங்கும் நாற்பது நொடி அறிமுகத்தை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்பார்.

சந்தையில் துணி விற்றவள் பெற்ற பெண். எதிரே நிற்கிறவர் எதற்கு மயங்குவார் என்று அவளுக்குத் தனியாகச் சொல்லித்தரவா வேண்டும்?

"அண்ணே, நீங்க பாட்டை அறுக்குற அழகே தனி. அதை ரெக்கார்டுலயே பிடிச்சு வெச்சா என்ன?"

"அதான பாத்தேன், இவ்வளவு நாள் யாருக்கும் தோணலியேன்னு," என்றார் டம்ப்ளிங்.

புதுப் பதிப்பு தயாரானது. எட்டாவது நொடியில் டம்ப்ளிங் "திருப்பு!" என்று கர்ஜிப்பார், சைரன் அலறும், பாட்டு முதலிலிருந்து தொடங்கும். பதினெட்டாவது நொடியில் மறுபடியும் அதே கூத்து. ஜனங்களுக்கு அறுபட்ட திருப்தி. கருவிக்கோ அது அறுபடாத ஒரே ஓட்டம். முதல்முறை ஒலிபரப்பானபோது டம்ப்ளிங்கின் கை பழக்கதோஷத்தில் பொத்தானுக்குப் போனது. தன் குரலைக் கேட்டதும் மரியாதையாகப் பலகாரத்துக்குத் திரும்பியது.

மற்ற நிலையத்து அறிவிப்பாளர்கள் ஐந்து பேருக்கும் மனசு புண்பட்டுவிட்டது. "டம்ப்ளிங் தொண்டை என்ன தங்கமா?" என்று வந்து நின்றார்கள். ஷெர்னெட் ஒருவரையும் ஏமாற்றவில்லை. ஆளுக்கு ஒரு பதிப்பு, அவரவர் கர்ஜனையோடு.

ஐரோப்பியக் காது ஆறையும் ஆறு பாட்டாக எண்ணியது. வெள்ளிக்கிழமை வந்த பட்டியலில் இரண்டு முதல் ஏழு வரை ஷெர்னெட். லிண்டோ போனில் மூச்சு வாங்கினார்.

"மிஸ், பத்துல ஆறு உங்களோடது! இது நியாயமா?"

"விதி விதிதானே சார்?"

அந்தப் பக்கம் லிண்டோ விதிப்புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "கருவி சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்.

மறுவாரம் ஒப்பந்தம் வந்தது. கூடவே டிக்கெட் இரண்டு. பாடகிக்கு ஒன்று, 'பாட்டில் கத்தும் அந்த அற்புத மனிதருக்கு' இன்னொன்று.

மறுநாள் காலையில் ஷெர்னெட் எட்டிப் பார்த்தபோது கேட்டருகே ஆறு அற்புத மனிதர்கள் பாஸ்போர்ட்டோடு நின்றார்கள். கிங்ஸ்டன் வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு டம்ப்ளிங் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி, முதல்ல கத்தினது நான்தான், மறந்துடாதே!"

"மறக்கல அண்ணே." அவள் ஆறு நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டாள். "எல்லாரும் உக்காருங்க. டிக்கெட் ஒண்ணுதான். என் அடுத்த பாட்டு திங்கக்கிழமை வருது. யார் யார் தினம் எத்தன தடவ போடுவீங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க, கேப்போம்."